மெட்டாகிளாஸ் மக்கர் பண்ணும்போது: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

பாவூர்சத்திரம் சந்தையில் ஏற்றி, செங்கோட்டை, புளியரை தாண்டி, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகிற காய்கறி லோடுகளுக்குப் பில் போடுகிற ஒரு மென்பொருளைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பைத்தானில் எழுதியது. காய்க்கு ஒரு கிளாஸ். ஒரு டேபிள் போதாதா என்று கேட்பீர்கள். வெண்டை கிலோக் கணக்கு, வாழை தார்க் கணக்கு, முருங்கை கட்டுக் கணக்கு. கழிவு பிடிக்கிற முறையும் காய்க்குக் காய் மாறும். டேபிளில் ஆரம்பித்து, கடைசியில் கிளாஸில்தான் வந்து நின்றோம்.

இதில் ஒவ்வொரு காய்க்கும் இரண்டு பெயர் வேறு. இங்கே வெண்டை, மலைக்கு அந்தப் பக்கம் வெண்டக்க. இங்கே புடலை, அங்கே படவலங்ங. நம்ம தடியங்காய் அங்கே கும்பளங்ங. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். பெரியவர்களுக்கு இரண்டு பெயரும் தானாக வாயில் வரும், கம்ப்யூட்டருக்கு வராது. புதுக் காய்க்குக் கிளாஸ் எழுதினால் அது தானே பட்டியலில் ஏறிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மெட்டாகிளாஸ், அதாவது கிளாஸ்களையே உண்டாக்குகிற கிளாஸ், ஒன்று போட்டேன். அதிலிருந்து வந்த கோளாறுகளைத்தான் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

கீவேர்டுகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். வெண்டை, சரக்கு போன்ற பெயர்களை மட்டும் தமிழிலேயே அடிக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும், எங்கள் கோடில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு, அது கடைசியில் வரும்.

எது எப்போது ஓடும்

இது தெரியாமல் கீழே உள்ள எதையும் பிடிக்க முடியாது. கிளாஸ் என்று எழுதி ஒரு பெயரையும் தாய்க் கிளாஸையும் கொடுத்ததும், பைத்தான் முதலில் யாருடைய மெட்டாகிளாஸ் என்று முடிவு செய்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது டைப். பிறகு அந்த மெட்டாகிளாஸின் __பிரிப்பேர்__ ஓடி ஒரு காலி டிக்‌ஷனரியைத் தருகிறது. கிளாஸுக்குள் நீங்கள் எழுதிய வரிகள் மேலிருந்து கீழாக ஓடி, வந்த பெயர்களெல்லாம் அதில் விழுகின்றன. அது முடிந்த பிறகுதான் மெட்டாகிளாஸின் __நியூ__. அதற்குள் டைப்பின் __நியூ__ ஓடும்போது மூன்று காரியம் வரிசையாக நடக்கும்: டிக்‌ஷனரியை நகல் எடுத்துக் கிளாஸை உண்டாக்கும், உள்ளே இருக்கிற பொருள்களில் __செட்_நேம்__ வைத்திருப்பவற்றைக் கூப்பிடும், தாய்க் கிளாஸின் __இனிட்_சப்கிளாஸ்__ஐக் கூப்பிடும். அப்புறம் மெட்டாகிளாஸின் __இனிட்__. கிளாஸுக்கு மேலே @ போட்டு எழுதுகிற டெகரேட்டர் ஏதாவது இருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி.

இவ்வளவும் இம்போர்ட் ஆகும்போது ஒரே ஒரு முறை. புளியரை செக்போஸ்ட்டில் லாரியை ஒருமுறை நிறுத்திப் பார்ப்பார்கள். கொல்லத்தில் பெட்டியைப் பிரித்துச் சில்லறைக்கு விற்கும்போது அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள். ஆப்ஜெக்ட் உண்டாகிற ஒவ்வொரு முறையும் ஓடுவது மெட்டாகிளாஸின் __கால்__ ஒன்றுதான்.

சந்தேகம் வந்தால் இந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரின்ட் போட்டுவிட்டு, ஒரே ஒரு குட்டிக் கிளாஸை மட்டும் இம்போர்ட் செய்து பாருங்கள். டிபக்கரில் ஏறி இறங்குவதைவிட இது சீக்கிரம் முடியும்.

அறிகுறி: எழுதிய மெட்டாகிளாஸ் ஓடவே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை

முதல் சோதனை: டைப்(வெண்டை) என்று அடித்துப் பாருங்கள். உங்கள் மெட்டாகிளாஸின் பெயர் வராமல் வெறும் டைப் என்று வந்தால், பைத்தானுக்கு நீங்கள் சொன்னது காதில் விழவே இல்லை.

பழைய பைத்தான் 2 பாடத்தைப் பார்த்து, கிளாஸுக்குள்ளே __மெட்டாகிளாஸ்__ = என்மெட்டா என்று எழுதியிருப்பீர்கள். பைத்தான் 3க்கு அது சாதாரண அட்ரிபியூட், வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தலைப்பு வரியிலேயே, அடைப்புக்குள், மெட்டாகிளாஸ்=என்மெட்டா என்று கொடுக்க வேண்டும். இன்றைக்கும் இணையத்தில் பழைய பாடங்கள் கிடைக்கின்றன, பார்த்து எடுங்கள்.

இரண்டாவது வகை கொஞ்சம் நயவஞ்சகமானது. தாய்க் கிளாஸுக்கு ஓடுகிறது, பிள்ளைகளுக்கு ஓடவில்லை. மெட்டாகிளாஸின் __நியூ__வின் கடைசி வரியைப் பாருங்கள். ரிட்டர்ன் டைப்(பெயர், தாய்கள், பொருள்கள்) என்று முடித்திருப்பீர்கள். அப்படி முடித்தால் உண்டாகிற கிளாஸ் வெறும் டைப்பின் பிள்ளை, உங்கள் மெட்டாகிளாஸுக்கு அதனோடு உறவே இல்லை. அதனால் உங்கள் மெட்டாகிளாஸின் __இனிட்__ கூட ஓடாது, அடுத்த தலைமுறைக்கும் எதுவும் போகாது. சூப்பர்().__நியூ__(எம்சிஎஸ், பெயர், தாய்கள், பொருள்கள்) என்று முடியுங்கள். அந்த முதல் எம்சிஎஸ்தான் முக்கியம்.

ரிட்டர்னையே மறந்தால் என்ன ஆகும்? கிளாஸ் என்ற பெயரில் நன் உட்கார்ந்திருக்கும். ‘நன்டைப் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்’ என்று வேறு எங்கோ ஒரு ஃபைலில் கத்தும். மெட்டாகிளாஸின் __கால்__இல் ரிட்டர்ன் மறந்தால் ஆப்ஜெக்ட்தான் நன் ஆகும். இந்த இரண்டிலும் கத்துகிற இடம் ஒன்று, தப்பு நடந்த இடம் வேறு.

அறிகுறி: பட்டியலில் சில காய் இருக்கிறது, சில காய் இல்லை

இதற்கு மெட்டாகிளாஸைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காய் இருக்கிற ஃபைலை யாரும் இம்போர்ட் செய்யவில்லை. ஃபைல் டிஸ்க்கில் கிடப்பதால் மட்டும் கிளாஸ் பிறக்காது. ஃபோல்டரில் உள்ள மாட்யூல்களை பிகேஜியூட்டிலின் ஐட்டர்_மாட்யூல்ஸ் வைத்து வரிசையாக எடுத்து, இம்போர்ட்லிப்பால் ஏற்றிவிடுங்கள், தீர்ந்தது.

இதன் மறுபக்கம்: பட்டியலே இரண்டு இருக்கிறது. நேரடியாக ஓட்டுகிற ஃபைலுக்குள்ளேயே சரக்கு கிளாஸை எழுதிவிட்டு, மற்ற ஃபைல்கள் அதையே பெயர் சொல்லி இம்போர்ட் செய்தால், ஒரே ஃபைல் __மெயின்__ என்ற பெயரில் ஒரு முறையும் சொந்தப் பெயரில் ஒரு முறையும் ஓடும். தாய்க் கிளாஸைத் தனி ஃபைலில் வையுங்கள்.

அறிகுறி: சின்ன வெங்காயத்துக்குப் பல்லாரி (பெரிய வெங்காயம்) விலை விழுகிறது

இது எங்களுக்கு ஓணச் சமயத்தில் வந்தது. வருடத்திலேயே லோடு அதிகம் போகிற பத்து நாள். மண்டியிலிருந்து போன்: “தம்பி, உள்ளின்னு அடிச்சா பல்லாரி ரேட்டு வருது. கொல்லத்துக்காரன் சிரிக்கான். என்னன்னு பாரும்.”

அப்போது மெட்டாகிளாஸைத் தூக்கிவிட்டு இப்படி மாற்றியிருந்தேன்:

கிளாஸ் சரக்கு:
    பட்டியல் = {}
    டெஃப் __இனிட்_சப்கிளாஸ்__(சிஎல்எஸ், **மீதி):
        சூப்பர்().__இனிட்_சப்கிளாஸ்__(**மீதி)
        சரக்கு.பட்டியல்[சிஎல்எஸ்.மலையாளப்பெயர்] = சிஎல்எஸ்

இந்த __இனிட்_சப்கிளாஸ்__ பைத்தான் 3.6இல் வந்தது, __செட்_நேம்__உம் அதே பதிப்பில்தான். பிள்ளைக் கிளாஸ் ஒவ்வொன்று பிறக்கும்போதும் தாயிடம் சொல்லிவிடும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், பட்டியல் போடுவதற்காக மெட்டாகிளாஸ் எழுதுவதை அந்தப் பதிப்போடு நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: எந்தக் கிளாஸில் எழுதுகிறீர்களோ அந்தக் கிளாஸுக்கு அது ஓடாது, பிள்ளைகளுக்குத்தான் ஓடும். ‘தாய் மட்டும் பட்டியலில் வரவில்லை’ என்று தேடி ஒரு மதியத்தை நான் தொலைத்திருக்கிறேன். சூப்பரைக் கூப்பிடும் அந்த வரியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு தாய் இருக்கிற பிள்ளைக்கு, விட்டால் இன்னொரு தாயின் காரியம் நடக்காது.

சரி, வெங்காயம். சின்ன வெங்காயத்துக்கு மலையாளப்பெயர் உள்ளி என்று நான் போட்டிருந்தேன். பல்லாரிக்குச் சவாள என்று போட வேண்டியதை, புதிதாக வந்த பையன் உள்ளி என்றே போட்டுவிட்டான். டிக்‌ஷனரிக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை, பின்னால் வந்தது முன்னால் இருந்ததை மூடிவிட்டது. யார் பின்னால் வருகிறார் என்பது இம்போர்ட் வரிசையைப் பொறுத்தது. அதனால்தான் என் கம்ப்யூட்டரில் சரியாகவும் மண்டியில் தப்பாகவும் வந்தது.

மருந்து எளிது: ஏற்றுவதற்கு முன் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா பார்த்து, இருந்தால் அங்கேயே பிழை எழுப்புவது. இரண்டு கிளாஸின் பெயரையும் செய்தியில் போடுங்கள். இப்படிச் செய்தால் தப்பு இம்போர்ட்டிலேயே மாட்டும், லாரி கிளம்பின பிறகு மாட்டாது.

மருந்து போட்ட மறுவாரமே அடுத்த அறிகுறி. முருங்கை கிளாஸ், ‘முருங்கை ஏற்கெனவே முருங்கையால் எடுக்கப்பட்டிருக்கிறது’ என்று தன்னைத்தானே குற்றம் சாட்டியது. ஒரே ஃபைல், ஒரே கிளாஸ், ஒரே இம்போர்ட். அரை நாள் முழித்தேன். காரணம் மேலே இருந்த டெகரேட்டர்: டேட்டாகிளாஸ்(ஸ்லாட்ஸ்=ட்ரூ). பைத்தான் 3.10இல் வந்த இந்த ஸ்லாட்ஸ் வசதி (ஆப்ஜெக்ட்டில் எந்தெந்த அட்ரிபியூட்டுக்கு இடம் என்று முன்கூட்டியே வரையறுப்பது), கையில் இருக்கிற கிளாஸில் ஸ்லாட்ஸைச் சேர்க்க முடியாது என்பதால், அதே பெயரில் இன்னொரு கிளாஸையே புதிதாக உண்டாக்கித் திருப்பித் தருகிறது. பிறப்பு இரண்டு, அதனால் __இனிட்_சப்கிளாஸ்__உம் இரண்டு தடவை.

இங்கே ஒரு குறுக்கு வழி கண்ணில் படும்: ‘ஏற்கெனவே இருந்தால் கண்டுகொள்ளாமல் விடு’. அதைச் செய்யாதீர்கள். பட்டியலில் நிற்பது முதலில் பிறந்த, ஸ்லாட்ஸ் இல்லாத, யாரும் பயன்படுத்தாத கிளாஸ். பில்லில் வருகிற ஆப்ஜெக்ட்டோ இரண்டாவது கிளாஸைச் சேர்ந்தது. ஐஸ்இன்ஸ்டன்ஸ் கேட்டால் ஃபால்ஸ் என்று வரும், பெயர் இரண்டும் ஒன்று என்பதால் நீங்கள் திரையை முறைத்துக்கொண்டு இருப்பீர்கள். பழையதின் __மாட்யூல்__, __குவால்நேம்__ இரண்டும் புதியதோடு ஒத்துப்போனால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மட்டும் பிழை எழுப்புங்கள்.

இதே இடத்தில் இன்னொன்று: __இனிட்_சப்கிளாஸ்__க்குள் நின்றுகொண்டு டேட்டாகிளாஸ் ஃபீல்டுகளைத் தேடினால் கிடைக்காது. டெகரேட்டர் இன்னும் வந்தே சேரவில்லை.

அறிகுறி: ‘மெட்டாகிளாஸ் கான்ஃபிளிக்ட்’ என்று நீளமாக ஒரு டைப்எரர்

செய்தி பயமுறுத்தும், விஷயம் சின்னது. இரண்டு தாய் இருக்கும்போது, அவர்களுடைய மெட்டாகிளாஸ்களில் ஒன்று மற்றொன்றின் வாரிசாக இருக்க வேண்டும். இருந்தால் பைத்தான் இளையதை எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று பங்காளி முறையாக இருந்தால் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு பக்கம் உங்கள் மெட்டாகிளாஸ், இன்னொரு பக்கம் பைத்தானின் ஏபிசி மாட்யூலில் இருக்கிற ஏபிசிமெட்டா (அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்களின் மெட்டாகிளாஸ்). ஜாங்கோ மாடலோடு கலந்தாலும் இதேதான், அதற்கும் சொந்த மெட்டாகிளாஸ் இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரு வாரிசை உண்டாக்குங்கள்: கிளாஸ் கலவை(என்மெட்டா, ஏபிசிமெட்டா), உள்ளே பாஸ். பிறகு உங்கள் கிளாஸுக்கு மெட்டாகிளாஸ்=கலவை. லைப்ரரியின் மெட்டாகிளாஸ் பெயர் தெரியாவிட்டால் டைப்(அந்தக் கிளாஸ்) என்று எழுதினாலே அது கிடைத்துவிடும். ஆனால் இந்தச் சமரசம் நிலைக்க வேண்டுமானால் உங்கள் மெட்டாகிளாஸ் எல்லா இடத்திலும் சூப்பர்() வழியாகவே போயிருக்க வேண்டும். நடுவில் டைப்.__நியூ__ என்று நேரடியாகக் கூப்பிட்டிருந்தால் ஏபிசிமெட்டா ஓரங்கட்டப்படும். கத்தல் நிற்கும், ஆனால் எழுதப்படாத அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் இருக்கிற கிளாஸிலும் ஆப்ஜெக்ட் உண்டாகத் தொடங்கும். அது கத்தலைவிட மோசம்.

நான் செய்தது வேறு. என் மெட்டாகிளாஸை எடுத்துவிட்டு __இனிட்_சப்கிளாஸ்__க்கு மாறினேன். மெட்டாகிளாஸ் ஒன்றே ஒன்று இருந்தால் சண்டை எங்கிருந்து வரும்?

அறிகுறி: ‘டேக்ஸ் நோ கீவேர்ட் ஆர்கியுமென்ட்ஸ்’

கிளாஸ் வாழை(சரக்கு, அளவு="தார்") என்று எழுதினீர்கள். அந்த அளவு எத்தனை வாசல் தாண்டுகிறது தெரியுமா? __பிரிப்பேர்__, மெட்டாகிளாஸின் __நியூ__, மெட்டாகிளாஸின் __இனிட்__ என மூன்று பேருக்கும் அதே கீவேர்ட் போகும். நீங்கள் எழுதியவற்றில் யார் அதை வாங்கத் தயாராக இல்லையோ அவர் கத்துவார். போதாததற்கு, __நியூ__விலிருந்து சூப்பருக்குக் கொடுத்தால் டைப் அதை __இனிட்_சப்கிளாஸ்__க்கும் தள்ளும். அங்கே வாங்க ஆளில்லாவிட்டால் கடைசியில் ஆப்ஜெக்ட் கிளாஸ் இந்தப் பிழையை எழுப்பும்.

அதனால்: மெட்டாகிளாஸ் தானே பயன்படுத்திக்கொள்கிற கீவேர்டை சூப்பருக்குக் கொடுக்காதீர்கள். __இனிட்_சப்கிளாஸ்__ பயன்படுத்துவதானால் அதைப் பெயர் சொல்லி வாங்கிக்கொண்டு மீதியை மட்டும் மேலே அனுப்புங்கள். ‘எதற்கு வம்பு’ என்று மீதியை விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் பையன் அளவு என்பதை அலவு என்று அடித்தபோது, மீதியை மேலே அனுப்பியிருந்ததால்தான் இம்போர்ட்டிலேயே பிடித்தோம். விழுங்கியிருந்தால் வாழைத்தாரைக் கிலோவில் விற்றிருப்போம்.

அறிகுறி: வெண்டை பிறக்கிறது, வாழை பிறக்க மாட்டேன் என்கிறது. ரன்டைம்எரர், அதில் __கிளாஸ்செல்__ என்று ஒரு சொல்

வாழை கிளாஸின் ஏதோ ஒரு மெத்தடில் அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் சூப்பர்() என்று கூப்பிட்டிருப்பீர்கள். வெண்டையில் அது இருக்காது. அந்த வெறும் சூப்பர்() தான் எந்தக் கிளாஸுக்குள் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, கம்பைலர் டிக்‌ஷனரிக்குள் __கிளாஸ்செல்__ என்று ஒரு சீட்டை மறைத்து வைக்கிறது. டைப்பின் __நியூ__ அந்தச் சீட்டில் கிளாஸை எழுதிவிட்டுச் சீட்டை எடுத்துவிடும்.

உங்கள் மெட்டாகிளாஸ், அடிக்கோட்டில் ஆரம்பிக்கிற பெயர்களெல்லாம் வேண்டாம் என்று வடிகட்டிப் புது டிக்‌ஷனரி செய்து மேலே அனுப்பியிருக்கும். சீட்டும் குப்பைக்குப் போயிருக்கும். பைத்தான் 3.7 வரை இது எச்சரிக்கையோடு போனது, 3.8 முதல் பிழை. பழைய சர்வரில் ஓடியது புதியதில் ஓடவில்லை என்று வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். மொத்த டிக்‌ஷனரியையும் நகல் எடுத்து, வேண்டாததைப் பெயர் சொல்லி நீக்குங்கள். வேண்டியதைப் பொறுக்காதீர்கள்.

சில்லறைக் கோளாறுகள்

மெட்டாகிளாஸின் __இனிட்__க்குள் டிக்‌ஷனரியில் ஒன்றைச் சேர்த்தேன், கிளாஸில் காணோம்: நகல் எடுத்து முடிந்த பிறகு மூலத்தில் எழுதுகிறீர்கள். செட்அட்ர் வைத்துக் கிளாஸிலேயே எழுதுங்கள். ஸ்லாட்ஸ் மாதிரி விஷயமானால் அதுவும் உதவாது, __நியூ__விலேயே கொடுத்துவிட வேண்டும்.

__செட்_நேம்__ ஓடவில்லை: கிளாஸ் பிறந்த பிறகு அந்த அட்ரிபியூட்டை ஒட்டினீர்கள். பிறக்கும்போது மட்டும்தான் அது தானாக ஓடும், பிறகு நீங்களே கூப்பிட வேண்டும். அதற்குள் எழுந்த பிழை 3.11 வரை ஒரு ரன்டைம்எரருக்குள் பொதிந்து வரும், 3.12 முதல் நேராகவே வரும். பிழையைப் பிடிக்கிற டெஸ்ட் எழுதியிருந்தால் அது உடையும்.

மெட்டாகிளாஸில் எழுதிய மெத்தட் வெண்டை என்ற கிளாஸில் வேலை செய்கிறது, வெண்டை() என்ற ஆப்ஜெக்ட்டில் அட்ரிபியூட்எரர் தருகிறது: அப்படித்தான் இருக்க வேண்டும். ஆப்ஜெக்ட் தன் கிளாஸையும் அதன் தாய்களையும்தான் தேடும், கிளாஸின் கிளாஸைத் தேடாது. இதன் மறுபக்கம்தான் மெட்டாகிளாஸ் உண்மையிலேயே வேண்டிய இடம்: லென்(சரக்கு) என்று கிளாஸையே எண்ண வேண்டும், ஃபார் போட்டுக் கிளாஸையே சுற்ற வேண்டும் என்றால் __லென்__, __ஐட்டர்__ இரண்டும் மெட்டாகிளாஸில்தான் இருந்தாக வேண்டும். பைத்தானோடு வருகிற ஈனம் (மாறாத மதிப்புகளின் தொகுப்பு) கிளாஸைச் சுற்ற முடிவது அதனால்தான்.

அறிகுறி: கேரளப் பேரேட்டில் எழுதியது தென்காசிப் பேரேட்டில் விழுகிறது

ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் இருக்க வேண்டும் என்று __கால்__இல் கை வைப்பவர்களுக்கு வருகிற வியாதி. பேரேடு என்ற கிளாஸில் _ஒன்று என்ற அட்ரிபியூட் காலியா என்று பார்த்து, காலியானால் உண்டாக்கி அதில் வைக்கிறீர்கள். கேரளப்பேரேடு அதன் பிள்ளை. தாய்ப் பேரேடு ஏற்கெனவே உண்டாகியிருந்தால், பிள்ளையிடம் _ஒன்று எங்கே என்று கேட்கும்போது தாயினுடையது கிடைக்கும், காலி இல்லை என்று அதையே எடுத்துக் கொடுத்துவிடும். எது முதலில் திறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தப்பாகவும் இருக்கும். கிளாஸையே சாவியாக வைத்து மெட்டாகிளாஸில் ஒரு டிக்‌ஷனரி வையுங்கள். அல்லது மெட்டாகிளாஸின் __இனிட்__இல் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனியாக _ஒன்று = நன் என்று போடுங்கள்.

அறிகுறி: கோவைக்காய் பட்டியலில் இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறது

தமிழில் கிளாஸ் பெயர் வைப்பதற்கு ஒரு விலை உண்டு என்றேனே, அது இது. “தம்பி, கோவைக்கா பில்லுல விழ மாட்டேங்கு. வெண்டை விழுது, புடலை விழுது.” பட்டியலைப் பிரின்ட் போட்டால் கோவைக்காய் கண்ணெதிரே நிற்கிறது. அதே சொல்லை எக்செலிலிருந்து எடுத்துத் தேடினால் கீஎரர்.

விழாதவை எவை என்று கேட்டு எழுதினேன்: கோவைக்காய், கொத்தவரை, முட்டைக்கோஸ், சௌசௌ. ஒரு நிமிடம் இந்தப் பட்டியலை நீங்களே பாருங்கள். எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ இருக்கிறது.

லென் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் இருக்கிற கோவைக்காய் 10, எக்செலில் இருந்து வந்தது 11. கோ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரமும் ஓகாரக் குறி ஒன்றும், அல்லது ககரமும் ஏகாரக் கொம்பும் தனியாக ஒரு காலும். திரையில் இரண்டும் ஒன்று. எக்செலில் இருக்கிற மண்டியின் விலைப் பட்டியல் பழைய ஃபான்ட்டில் அடித்தது, யாரோ யூனிகோடுக்கு மாற்றியபோது கொம்பையும் காலையும் பிரித்தே வைத்துவிட்டார்கள்.

பைத்தான், கோடில் நீங்கள் அடிக்கிற பெயர்களையெல்லாம் படிக்கும்போதே என்எஃப்கேசி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும். எப்படி அடித்தாலும் கிளாஸின் __நேம்__ 10தான். மேற்கோளுக்குள் இருக்கிற ஸ்ட்ரிங்கை அது தொடாது. கெட்அட்ரில் கொடுக்கிற ஸ்ட்ரிங்கையும் தொடாது. டைப்பை மூன்று ஆர்கியுமென்ட்டோடு கூப்பிட்டு எக்செலிலிருந்து நேராகக் கிளாஸ் செய்தால், அந்தப் பெயரையும் மாற்றாமல் 11ஆகவே வைத்துக்கொள்ளும். எங்களிடம் சில காய்கள் கையால் எழுதியவை, சில இப்படி எக்செலில் இருந்து பிறந்தவை. பட்டியலில் பெயர்கள் இரண்டு வடிவத்தில் கலந்து கிடந்தது அப்போதுதான் தெரிந்தது.

யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸை, பட்டியலில் ஏற்றுகிற இடத்திலும் தேடுகிற இடத்திலும், டைப்பைக் கூப்பிடுவதற்கு முன்பும் போட்டேன். கோவைக்காய் விழுந்தது, கொத்தவரை விழுந்தது, கோஸ் விழுந்தது.

சௌசௌ மட்டும் விழவில்லை. கொம்புக்கும் அதன் பின்னால் வருகிற ஔகாரச் சிறகுக்கும் பதிலாக, கொம்பும் ளகரமும் வைத்துச் செளசெள என்று அடித்திருந்தார்கள். நம்மில் பலர் அப்படித்தான் அடிக்கிறோம். நார்மலைஸுக்கு அது வேறு சொல், ஒட்ட வைக்காது. கொம்பும் ளவும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று பையன் சொன்னான். மாற்றி ஓட்டினான், வெள்ளரிக்காயும் வெள்ளைப்பூண்டும் உடைந்தன. இப்போது சௌசௌ கிளாஸில் வேறுபெயர்கள் என்று ஒரு டியூப்பிள் இருக்கிறது, தப்பாக அடிக்கிற அந்த வடிவமும் அதில் ஒன்று. __இனிட்_சப்கிளாஸ்__ எல்லாப் பெயரையும் ஏற்றிக்கொள்கிறது.